இனப்பெருக்கப் பன்றிப் பண்ணையில் நோய் புகாமல் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இறைச்சிக்காக வளர்க்கும் பன்றிகளுக்கு நோய் வந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். தீவனத்தைத் தொடாது, இருமும், கழியும். இனப்பெருக்கப் பண்ணையில் அப்படி இல்லை. பல நோய்கள் சத்தமே இல்லாமல் வந்து தாய்ப்பன்றியின் கருப்பையில் தங்கிவிடும். பார்வோ வைரஸ் தொற்றிய சினைப் பன்றி ஒரு பிடி தீவனத்தைக்கூட மீதம் வைக்காது. காய்ச்சலும் கண்ணுக்குத் தெரியாது. ஈனும் நாளில் குட்டிகளோடு கறுத்துச் சுருங்கிய கருக்களும் வந்து விழும்போதுதான் நமக்குச் செய்தி வரும். சினைக்காலம் 114 நாள். தொற்று நுழைந்த நாளில் பண்ணைக்கு யார் வந்தார், எந்த வண்டி வந்தது என்பதெல்லாம் அதற்குள் மறந்தே போயிருக்கும்.

தாமதமாகத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் ஆபத்து. ஆண் பன்றி வெயிலில் வாடினால் அதன் விளைவு அடுத்த ஆறு வாரம் வரை விந்தின் தரத்தில் தெரியும். சினைப் பன்றிக்குத் தடுப்பூசி தவறினால் இன்னும் பிறக்காத குட்டிகள் அதற்கு விலை கொடுக்கும். எனவே இங்கே சொல்லப்போகும் வேலைகளில் பெரும்பாலானவை, எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும் நாட்களில் செய்ய வேண்டியவை.

படி 1: எல்லைக்கோட்டைப் போடுங்கள்

நோய் தானாக நடந்து வருவதில்லை. காலணி, வண்டிச் சக்கரம், கடன் வாங்கிய கருவி, புதிய பன்றி, எலி, சாப்பாட்டுப் பை என ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் வரும். ஆகவே முதல் வேலை, பண்ணையை ஒரு தாளில் வரைந்து, பன்றிகள் இருக்கும் பகுதியைச் சுற்றி ஒரு கோடு போடுவது. அந்தக் கோட்டுக்குள் நுழைய ஒரே ஒரு வாசல்தான் இருக்க வேண்டும். காட்டுப்பன்றி நடமாட்டம் உள்ள இடமாக இருந்தால் இரட்டை வேலி அவசியம். வேலிக்கு அப்பால் நின்று மூக்கோடு மூக்கு உரசினாலே தொற்றுக்குப் போதும்.

வாசலில் ஒரு குறுக்குத் திண்ணை கட்டுவது எளிய வழி, மிகவும் பயனுள்ள வழியும்கூட. வெளிக்காலணியை இந்தப் பக்கம் கழற்றிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்தபடியே காலைத் திருப்பி, அந்தப் பக்கம் இருக்கும் பண்ணைக் காலணியை அணிய வேண்டும். உடையும் அப்படியே. உள்ளே அணியும் உடை பண்ணையை விட்டு வெளியே போகக்கூடாது. அங்கேயே துவைக்க வேண்டும். வசதி இருந்தால் குளித்துவிட்டு நுழைவது இன்னும் நல்லது.

வாசலில் கிருமிநாசினித் தொட்டியை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். சாணம் ஒட்டிய காலணியை அதில் ஒரு நொடி நனைத்தால் எந்தக் கிருமியும் சாகாது. முதலில் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகு நனைக்க வேண்டும், கிருமிநாசினியின் விவரச்சீட்டில் சொல்லியிருக்கும் நேரம் வரை நிற்க வேண்டும். சேறு கலங்கிய தொட்டியை அன்றன்றே மாற்ற வேண்டும். இதையெல்லாம் செய்ய முடியாது என்றால் காலணியை மாற்றுவதே மேல்.

தீவன வண்டியும் பன்றி வாங்க வரும் வண்டியும் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். எனக்கு அதிக அச்சம் தருவது பன்றி ஏற்ற வரும் வண்டிதான். அது காலையிலிருந்து எத்தனை பண்ணைகளுக்கும் இறைச்சிக்கூடங்களுக்கும் போய் வந்ததோ! ஏற்றும் மேடையை வேலியோரம் அமையுங்கள். வண்டியோட்டி உள்ளே இறங்கக்கூடாது, நம் ஆட்கள் வண்டிக்குள் ஏறக்கூடாது. ஒருமுறை மேடைக்குப் போன பன்றி, விலை படியவில்லை என்றாலும் திரும்பிக் கொட்டகைக்கு வரக்கூடாது.

பணியாளர்கள் தம் வீட்டில் பன்றி வளர்க்கக்கூடாது என்பதை வேலைக்குச் சேர்க்கும்போதே சொல்லிவிட வேண்டும். பன்றி இறைச்சியும் அதில் செய்த உணவும் கோட்டுக்குள் வரக்கூடாது. வேறு பண்ணைக்குப் போய்வந்தவர் குறைந்தது இரண்டு நாள் கழித்துத்தான் உள்ளே வரலாம். எலிகளைக் கட்டுப்படுத்துவதையும் இதே படியில் சேர்க்கிறேன், ஏனெனில் எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் வழியாகத்தான் தண்ணீருக்கும் தீவனத்துக்கும் வருகிறது. கொட்டகையைச் சுற்றிப் புதர் இல்லாத வெற்றிடம் விட்டாலே எலி பாதி குறையும்.

படி 2: புதிய பன்றியை நம்பாதீர்கள்

எங்கள் பண்ணையில் ஒருமுறை நல்ல உடல்வாகுள்ள ஆண் பன்றி ஒன்றை வாங்கினோம். கண்ணில் ஒளி, தோலில் பளபளப்பு, எந்தக் குறையும் சொல்ல முடியாது. நான்காம் நாளே மந்தையில் சேர்த்துவிட்டேன். மூன்றாவது வாரத்தில் அதன் பக்கத்து அறையில் வறட்டு இருமல் கேட்டது. பிறகு அடுத்த அறை, அதற்கடுத்த அறை. மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமியால் வரும் நிமோனியா. பன்றிகள் சாகவில்லை, ஆனால் குட்டிகளின் வளர்ச்சி குன்றியது. அந்த இருமல் எங்களை விட்டுப் போகப் பல மாதங்கள் ஆயின. விற்றவர் ஏமாற்றவில்லை. அவருடைய பன்றிகள் அந்தக் கிருமிக்குப் பழகியவை, என்னுடையவை பழகாதவை, அவ்வளவுதான்.

புதிய பன்றி எதுவானாலும் மந்தையிலிருந்து தள்ளி, தனிக் கொட்டகையில், தனி வாளி, தனித் துடைப்பம், முடிந்தால் தனி ஆள் வைத்துக் குறைந்தது 30 நாள் பிரித்து வைக்க வேண்டும். இனப்பெருக்கப் பண்ணைக்கு 6 முதல் 8 வாரம் என்பதே என் பரிந்துரை. தனி ஆளுக்கு வசதி இல்லையென்றால் நாளின் கடைசி வேலையாக அங்கே போய்விட்டு, அதன்பின் மந்தைப் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குப் போக வேண்டும்.

இந்தக் காலத்தில் மூன்று வேலைகள் நடக்க வேண்டும். முதலாவது, இரத்தப் பரிசோதனை: கருச்சிதைவையும் மலட்டுத்தன்மையையும் தரும் புரூசெல்லோசிஸ், பன்றி இனப்பெருக்கச் சுவாச நோய், உங்கள் பகுதியில் உள்ள பிற நோய்கள். இரண்டாவது, குடற்புழு நீக்கம், சொறிக்கு மருந்து, தடுப்பூசிகள். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: கடைசி இரண்டு, மூன்று வாரங்களில் நம் மந்தையிலிருந்து கழிக்கப்போகும் ஆரோக்கியமான ஒரு பன்றியைப் புதியவற்றோடு விட வேண்டும். நம் பண்ணையின் கிருமிகளுக்கு அவை சினைப்படுவதற்கு முன்பே பழக வேண்டும். முதல் ஈற்றுப் பன்றிகளிடம் பார்வோ வைரஸ் அதிகம் விளையாடுவது இந்தப் பழக்கம் இல்லாததால்தான்.

ஆண் பன்றியை வாங்குவதைவிட விந்து வாங்குவது பாதுகாப்பானது; ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. இனப்பெருக்கச் சுவாச நோய் வைரஸ் விந்தின் வழியாகவும் வரும். பரிசோதித்த ஆண் பன்றிகளின் விந்து என்ற சான்று இல்லாமல் வாங்க வேண்டாம். ஆண் பன்றியை ஊர் ஊராக இரவல் கொடுப்பதும் வாங்குவதும் கூடவே கூடாது.

படி 3: தீவனமும் தண்ணீரும்

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை 1921-இல் கென்யாவில் முதன்முதலாக விவரித்தார்கள். 2007-இல் அது ஜார்ஜியாவுக்கும் 2018-இல் சீனாவுக்கும் போய், அங்கிருந்து ஆசியா முழுதும் பரவியது. இவ்வளவு தூரத்தைப் பன்றிகள் நடந்து கடக்கவில்லை. உறையவைத்த இறைச்சியில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உப்பிட்டு உலர்த்திய இறைச்சியிலும் நெடுநாள் தாங்கும். அந்த இறைச்சியின் மிச்சம் கழிவு வாளியில் விழுந்து பன்றியின் தொட்டிக்கு வருகிறது.

சமையல் கழிவைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், 90 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே கொதிக்கவைக்க வேண்டும். வேகாத கழிவு வந்த வாளியில் வெந்ததை ஊற்றக்கூடாது. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: தாய்ப்பன்றிகள் இருக்கும் பண்ணைக்குள் இறைச்சி கலந்த கழிவு எந்த வடிவிலும் வர வேண்டாம். அதை அனுமதிக்காத நாடுகளும் பல உண்டு.

அடுத்து பூஞ்சை. ஈரம் பட்ட மக்காச்சோளத்தில் வளரும் ஒரு பூஞ்சை சியரலெனோன் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அது உடலில் பெண் இயக்குநீரைப் போலவே வேலை செய்யும். பருவத்துக்கு வராத சின்னப் பெண் குட்டிகளின் பிறப்புறுப்பு சிவந்து வீங்கியிருந்தால் நோயைத் தேடுவதற்கு முன் தீவன மூட்டையைப் பிரித்து முகர்ந்து பாருங்கள். வளர்ந்த பன்றிகளில் இது பொய்ச்சினை, மலட்டுத்தன்மை எனத் தெரியவரும். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேலும், சுவரை விட்டுத் தள்ளியும் அடுக்குங்கள். பூஞ்சை பிடித்ததை நல்ல தீவனத்தோடு கலந்து தீர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். குழாய்முனையில் தண்ணீர் வருகிறதா என்பதோடு நிறுத்தாமல், ஒரு பாத்திரத்தைப் பிடித்து அளந்து பாருங்கள்: தாய்ப்பன்றியின் குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பன்றி பாதியில் சலித்துப் படுத்துவிடும். தீவனம் குறையும், பால் குறையும், சிறுநீர்ப்பையில் தொற்று வரும். தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் தடைப்பட்டு, பன்றிகள் தலையைச் சுவரில் முட்டி வலிப்பு கண்டால் அது உப்பு நஞ்சு. அப்போது தண்ணீரை ஒரேயடியாகத் திறந்துவிடாமல் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும்.

படி 4: கொட்டகை

ஓர் அறையை ஒரே நாளில் நிரப்பி, ஒரே நாளில் காலி செய்யும் முறைக்கு மாறுங்கள். குட்டி ஈனும் அறையிலும் பால்குடி மறந்த குட்டிகளின் அறையிலுமாவது இதைக் கடைப்பிடிக்க வேண்டும். பழைய குட்டிகளில் வளர்ச்சி குன்றிய இரண்டை மட்டும் அடுத்த தொகுதியோடு விட்டுவைப்பது இரக்கமாகத் தோன்றும். அந்த இரண்டும்தான் பழைய நோயைப் புதிய குட்டிகளுக்குக் கைமாற்றிவிடும்.

காலியான அறையைச் சுத்தம் செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. சாணத்தையும் குப்பையையும் சுரண்டி எடுங்கள். தண்ணீரில் சில மணி நேரம் ஊறவிடுங்கள். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, அழுத்தக் குழாயால் கழுவுங்கள். காயவிடுங்கள். அதன்பிறகுதான் கிருமிநாசினி. மறுபடியும் காயவிடுங்கள். நடுவில் காயவிடும் கட்டத்தைத்தான் அவசரத்தில் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். ஈரத் தரையில் தெளிக்கும் மருந்து நீர்த்துப்போய்ப் பயனற்றதாகிறது. சாணத்தின் மேல் தெளிப்பதோ மருந்தை வீணாக்குவதே. சுவருக்கும் தரைக்கும் சுண்ணாம்பு பூசுவது மலிவான, நல்ல முறை. பூச்சு நன்கு உலர்ந்த பின் பன்றிகளை விட வேண்டும். இல்லையென்றால் குளம்பும் மடிக்காம்பும் வெந்துவிடும்.

பன்றிக்கு வியர்வை மிகவும் குறைவு. வெயில் நாட்களில் நிழல், காற்றோட்டம், உடலில் சொட்டும் நீர் மூன்றும் வேண்டும். படுத்திருக்கும் பன்றி நிமிடத்துக்கு 40 முறைக்கு மேல் மூச்சு வாங்கினால் அது வெப்பத்தில் தவிக்கிறது. இன்னொரு சோதனை: குனிந்து, பன்றியின் மூக்கு இருக்கும் உயரத்தில் ஒரு நிமிடம் மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் அமோனியா மிகுந்துவிட்டது. இருமல் வரக் காத்திருக்க வேண்டாம், காற்றுவழியைத் திறந்துவிடுங்கள்.

படி 5: தடுப்பூசி அட்டவணை

எல்லாப் பண்ணைக்கும் பொருந்தும் ஓர் அட்டவணை கிடையாது. உங்கள் பகுதியில் என்ன நோய் இருக்கிறது என்பதைக் கால்நடை மருத்துவரோடு பேசித்தான் இறுதி செய்ய வேண்டும். அந்தப் பேச்சுக்கு அடிப்படையாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

பார்வோ வைரஸ், சிவப்புத் தடிப்பு நோய் எனப்படும் எரிசிபெலாஸ், சில தயாரிப்புகளில் எலிக்காய்ச்சலும் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசி: முதல் முறை சினைப்படப்போகும் பெண் பன்றிக்கு 3, 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, இரண்டாவது ஊசி இணைசேர்வதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஈன்ற பன்றிகளுக்கு ஒவ்வொரு முறையும் பாலூட்டும் காலத்திலேயே ஊக்க ஊசி. ஆண் பன்றியை மறந்துவிடாதீர்கள்.

ஈகோலை, குளோஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாக்களால் வரும் கழிச்சலுக்கான ஊசி குட்டிக்காகத் தாய்க்குப் போடுவது. முதல் ஈற்றுப் பன்றிக்கு ஈனுவதற்கு 5, 6 வாரம் முன்பு ஒன்று, 2, 3 வாரம் முன்பு ஒன்று; மற்றவற்றுக்குப் பின்னது மட்டும். மைக்கோபிளாஸ்மா, குட்டிகளை மெலியவைக்கும் சர்க்கோ வைரஸ் ஆகியவற்றுக்கான ஊசிகள் குட்டிகளுக்குச் சுமார் மூன்று வார வயதில். சாதாரணப் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியைக் குட்டிகளுக்குச் சுமார் இரண்டு மாத வயதில் போடுவது வழக்கம்; அதற்கு முன் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் ஊசியின் பலனை முறித்துவிடும். கோமாரி நோய் உள்ள பகுதிகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் உள்ள இடங்களில் கொசுக்காலம் தொடங்கும் முன் இளம் இனப்பெருக்கப் பன்றிகளுக்கு.

பன்றி இனப்பெருக்கச் சுவாச நோய்க்கான தடுப்பூசியை இரத்தப் பரிசோதனை செய்யாமல் தொடங்க வேண்டாம். நோயே இல்லாத மந்தைக்குள் உயிருள்ள தடுப்பூசி வைரஸைக் கொண்டுவருவது பெரிய முடிவு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு எங்கும் பொதுவாகக் கிடைக்கும் நம்பகமான தடுப்பூசி இல்லை. யாராவது கைப்பையில் கொண்டுவந்து விற்றால் வாங்காதீர்கள்; அதற்கு எல்லைக்கோடு ஒன்றே காப்பு.

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. குளிர்பெட்டியில் ஒரு வெப்பமானியை வைத்து நாள்தோறும் எழுதுங்கள். காய்ச்சல் உள்ள பன்றிக்குத் தடுப்பூசி போட வேண்டாம். ஊசியைக் காதுக்குப் பின்னால் கழுத்தில் போடுங்கள். தாய்ப்பன்றிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் புதிய ஊசிமுனை.

படி 6: புழுவும் சொறியும்

உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். குட்டி அதை முதலில் பெறுவது தாயின் சாணத்திலிருந்தும் சாணம் ஒட்டிய மடியிலிருந்தும்தான். ஆகவே சினைப் பன்றிக்கு ஈனுவதற்கு ஒன்று, இரண்டு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரும் சோப்பும் கொண்டு முழு உடலையும், குறிப்பாக மடியையும் குளம்புகளையும் கழுவித் துடைத்து ஈனும் அறைக்குள் விடுங்கள். வரிசை மாறக்கூடாது: முதலில் மருந்து, பிறகு குளியல், பிறகு அறை.

சொறிக்கு ஐவர்மெக்டின் கொடுத்து 14 நாள் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும். முதல் ஊசி முட்டைகளைக் கொல்வதில்லை. சொறிகிற பன்றிக்கு மட்டும் கொடுத்தால் நோய் சுற்றிச் சுற்றி வரும். மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். ஆண் பன்றியின் காதுக்குள் தடித்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பல பண்ணைகளில் சொறி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

படி 7: ஈனும் அறையும் முதல் மூன்று நாட்களும்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். ஓர் ஈற்றில் இழக்கும் குட்டிகளில் பெரும்பகுதி இந்த மூன்று நாட்களில்தான் போகிறது.

பன்றிக்குட்டி தாயின் கருப்பையிலிருந்து எதிர்ப்புச் சக்தி எதையும் கொண்டுவருவதில்லை. நஞ்சுக்கொடியின் அமைப்பு அப்படி. எதிர்ப்புப் புரதங்கள் அதைக் கடக்க முடியாது. எல்லாமே சீம்பாலில்தான் வர வேண்டும். அந்தப் புரதங்களை முழுசாக உறிஞ்சும் திறன் குட்டியின் குடலுக்கு முதல் சில மணி நேரங்களில் மிக அதிகம். 24 மணி நேரத்துக்குள் அந்த வழி அடைபட்டுவிடும். ஒவ்வொரு குட்டிக்கும் சுமார் 250 கிராம் சீம்பால் சேர வேண்டும். தாய்க்கு முறையாகத் தடுப்பூசி போட்டிருந்தாலும், சீம்பால் குடிக்காத குட்டிக்கு அதில் ஒரு துளிப் பயனும் இல்லை.

ஆகவே பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பிறந்த குட்டியின் மூக்கையும் வாயையும் துடைத்து, உடலை உலர்த்தி, தொப்புளை டிங்சர் அயோடினில் நனைத்து, காம்பில் வையுங்கள். 12 குட்டிக்கு மேல் இருந்தால் முதலில் பிறந்து வயிறு நிறைந்தவற்றைக் குறியிட்டு, சூடான பெட்டியில் ஒரு மணி நேரம் அடைத்துவிட்டு, சிறியவற்றைக் குடிக்கவிடுங்கள். பிறகு மாற்றுங்கள். வேறு தாய்க்கு மாற்ற வேண்டிய குட்டிகளையும் சொந்தத் தாயின் சீம்பாலை 12 மணி நேரமாவது குடித்த பிறகே மாற்றுங்கள்.

குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி வெப்பம் வேண்டும். தாய்க்கு 18 முதல் 22 போதும். ஒரே அறையில் இரண்டு பருவநிலை. அறை முழுவதையும் சூடாக்காமல் குட்டிகளின் மூலையை மட்டும் விளக்கும் வைக்கோலும் வைத்துச் சூடாக்குங்கள். வெப்பமானியைவிடக் குட்டிகள் படுக்கும் விதம் சரியாகச் சொல்லும்: ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் குளிர், விளக்கை விட்டு விலகிச் சிதறினால் சூடு, பக்கம் பக்கமாகக் காலை நீட்டிப் படுத்தால் சரி.

குட்டிகள் பொதுவாக 15, 20 நிமிட இடைவெளியில் வரும். தாய் முக்கியும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் எதுவும் வரவில்லை என்றால் உதவி தேவை. நகம் வெட்டி, கையுறை அணிந்து, நிறைய வழவழப்புப் பசை தடவிப் பார்க்க வேண்டும். குட்டி குறுக்கே சிக்கியிருக்கும்போது கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசி போட்டால் கருப்பை கிழியக்கூடும். கையால் பார்க்காமல் அந்த ஊசியை எடுக்காதீர்கள்.

ஈன்ற தாய்க்கு மூன்று நாள் காலை, மாலை வெப்பம் பாருங்கள். 40 டிகிரியைத் தாண்டி, மடி கெட்டியாகி, தாய் மடியை மறைத்துக் குப்புறப் படுத்து, குட்டிகள் கத்திக்கொண்டு அலைந்தால் அது மடிவீக்கமும் பால்வற்றலும் சேர்ந்த நிலை. அன்றே மருத்துவரை அழையுங்கள். மறுநாள் வரை குட்டிகள் தாங்காது. இதற்குப் பெரும்பாலும் மலச்சிக்கலும் ஒரு காரணம். ஈனுவதற்கு முந்தைய சில நாட்கள் தீவனத்தைக் குறைத்து, தவிட்டையும் தண்ணீரையும் கூட்டிக் கொடுத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

குட்டி சுமார் 50 மில்லிகிராம் இரும்புச்சத்தோடு பிறக்கிறது. நாளொன்றுக்கு 7 மில்லிகிராமாவது தேவை. பாலில் கிடைப்பது ஒரு மில்லிகிராம் அளவுதான். கணக்கு ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே மூன்றாம் நாள் 200 மில்லிகிராம் இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசியைக் கழுத்தில் போட வேண்டும். மண்ணைத் தொடாமல் சிமெண்ட் தரையில் வளரும் குட்டிகளுக்கு இதைத் தவறவே விடக்கூடாது.

கழிச்சல் வந்தால் குட்டியின் வயதைப் பாருங்கள். முதல் நான்கு நாளில் தண்ணீராகப் போனால் பெரும்பாலும் ஈகோலை. முதல் வாரத்தில் இரத்தம் கலந்து, குட்டி சட்டென்று இறந்தால் குளோஸ்ட்ரிடியம். 7 முதல் 14 நாளில் மஞ்சளாகப் பசைபோலப் போய், எந்த நுண்ணுயிர்க்கொல்லிக்கும் கேட்கவில்லை என்றால் அது காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி. அதற்கு மருந்து வேறு. பெரியது, சிறியது என்றில்லாமல் எல்லாம் ஒரே நேரத்தில் வாந்தியும் கழிச்சலுமானால் வைரஸ். உடனே அந்த அறையை மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். எந்தக் கழிச்சலானாலும் குட்டியைக் கொல்வது நீரிழப்புதான். உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தட்டத்தில் வைப்பது முதல் சிகிச்சை.

படி 8: பால்குடி மறக்கடித்தல்

28 நாளில் செய்யலாம். தாயை வெளியே கொண்டுபோய், குட்டிகளைச் சில நாள் பழகிய இடத்திலேயே விடுங்கள். தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் நன்கு கொழுத்த குட்டி இமை வீங்கி, தள்ளாடி விழுந்தால் அது நீர்க்கோவை நோய். தீவனத்தை உடனே குறைத்து மருத்துவரை அழையுங்கள்.

படி 9: தினமும் பாருங்கள், எழுதுங்கள்

காலையில் தீவனம் போடும் நேரம்தான் நோயறிய ஏற்ற நேரம். எல்லாப் பன்றியும் எழும். எழாத பன்றியைத் தேடுங்கள். வளர்ந்த பன்றியின் இயல்பு வெப்பம் 38.5 முதல் 39.5 டிகிரி வரை. 40-ஐத் தாண்டினால் காய்ச்சல். சுற்றும்போது இளங்குட்டிகளில் தொடங்கி, சினைப் பன்றி, வளர்ந்தவை, கடைசியாக நோயுற்றவை என்று போங்கள். ஒருபோதும் எதிர்த்திசையில் திரும்பாதீர்கள்.

ஒவ்வொரு தாய்க்கும் ஓர் அட்டை வேண்டும்: இணைசேர்ந்த நாள், எந்த ஆண், 21-ஆம் நாள் மீண்டும் பருவத்துக்கு வந்ததா, ஈன்ற நாள், உயிரோடு எத்தனை, இறந்து எத்தனை, சுருங்கிய கரு எத்தனை, அவற்றின் நீளம் என்ன. தாமதமாகத் தெரியும் நோயைப் பின்னோக்கித் தேடிப் பிடிக்க இந்த அட்டையைத் தவிர வேறு கருவி இல்லை. சுருங்கிய கருக்கள் சிறிதும் பெரிதுமாக வெவ்வேறு அளவில் இருந்து, தாய் நலமாக இருந்தால் பார்வோவைச் சந்தேகியுங்கள். வைரஸ் ஒரு கருவிலிருந்து அடுத்ததற்கு மெல்ல நகர்ந்ததன் தடம் அது. சினையின் கடைசி மாதத்தில் பல தாய்கள் அடுத்தடுத்துக் கருச்சிதைவாகிக் குட்டிகளை வீசி, பிறந்தவையும் வலுவற்று இருந்தால் இனப்பெருக்கச் சுவாச நோய் அல்லது எலிக்காய்ச்சல். ஒரே ஆணோடு சேர்ந்தவை மட்டும் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தால் அந்த ஆணின் விதைப்பையைத் தடவிப் பாருங்கள். ஒருபக்கம் வீங்கியிருந்தால் புரூசெல்லோசிஸ் இருக்கலாம்.

வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். புரூசெல்லோசிஸும் எலிக்காய்ச்சலும் மனிதருக்கு வரும். கையுறையோடு எடுத்து, பனிக்கட்டி வைத்த பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பணியாளருக்குச் சளிக்காய்ச்சல் என்றால் அவருக்கு விடுப்பு கொடுங்கள். அது மனிதரிடமிருந்து பன்றிக்கும் போகும். பணியாளர்களுக்கு நல்ல கழிப்பறை கட்டிக்கொடுப்பதும் நோய்த்தடுப்பே. நாடாப்புழுவின் முட்டை மனித மலத்திலிருந்துதான் பன்றிக்கு வருகிறது.

நுண்ணுயிர்க்கொல்லி பற்றி ஒன்றே ஒன்று. தீவனத்தில் தினமும் கொஞ்சம் கலந்துவைத்தால் நோய் அண்டாது என்ற எண்ணம் தவறு. மருந்துக்கு அசையாத கிருமிகளை நாமே வளர்த்துவிடுகிறோம். அவை நம் வீட்டுக்கும் வரும். மருத்துவர் சொன்ன அளவு, சொன்ன நாள், பிறகு விற்பனைக்கு முன் காத்திருப்புக் காலம்.

படி 10: நோய் உள்ளே வந்துவிட்டால்

பல பன்றிகளுக்கு ஒரே நேரத்தில் கடும் காய்ச்சல், காதிலும் வயிற்றிலும் சிவந்து நீலம்பாரித்த தோல், திடீர் சாவு. பன்றிக் காய்ச்சலா ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலா என்பதைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆய்வகம் மட்டுமே சொல்லும். மூக்கிலும் குளம்போரத்திலும் கொப்புளம் கண்டு நொண்டினால் கோமாரி. இவற்றில் எதைப் பார்த்தாலும் அந்த நிமிடமே வாசலைப் பூட்டுங்கள். ஒரு பன்றியும், ஒரு மூட்டைச் சாணமும், ஒரு வண்டியும் வெளியே போகக்கூடாது. அரசுக் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். மிச்சமிருப்பதையாவது விற்றுவிடலாம் என்று தோன்றும். அந்த மனநிலையை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அப்படி விற்ற பன்றிகள்தான் அடுத்த ஊரின் பண்ணைகளை அழித்திருக்கின்றன. இறந்ததை அறுத்துப் பார்க்கவும் வேண்டாம்; ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் இரத்தத்தில்தான் வைரஸ் மிக அதிகம்.

இறந்தவற்றை நீர்நிலைகளை விட்டு விலகி ஆழமாகப் புதைத்து, மேலே சுண்ணாம்பு இட்டு, நாய் தோண்டாதபடி மூடுங்கள். கொட்டகையைப் படி 4-இல் சொன்ன வரிசையில் இரண்டு முறை சுத்தம் செய்யுங்கள். மரப்பலகை, பழைய கயிறு, மிச்சத் தீவனம் ஆகியவற்றை எரித்துவிடுங்கள். குறைந்தது 40 நாள், அல்லது கால்நடைத் துறை சொல்லும் காலம் வரை, காலியாக விடுங்கள். பிறகும் ஒரேயடியாக நிரப்ப வேண்டாம். நலமான சில இளம் பன்றிகளை மட்டும் கொண்டுவந்து, எல்லா அறைகளிலும் நடமாடும்படி விட்டு, ஆறு வாரம் கவனித்து, இரத்தத்தைப் பரிசோதியுங்கள். முடிவு நலமென்று வந்தால், அடுத்த தொகுதிக்காகத் தனிக் கொட்டகையைத் தயார் செய்யலாம்.